உறுமலுக்கு முன்னால் ஒரு சத்தம்

"அத்தான், ஒண்ணு மட்டும் உறுதி," என்றான் மச்சினன், தரையில் பதிந்திருந்த சேற்றுத் தடத்துக்குள் தன் காலைச் செருப்போடு வைத்துப் பார்த்தபடி. "இந்தத் திருடனுக்கு எந்தக் கடையிலயும் செருப்பு கிடைக்காது."

அவன் கால் போக, அந்தத் தடத்துக்குள் இன்னொரு ஆளும் நிற்க இடமிருந்தது.

"காலை எடு மாப்ள. அது தடயம்."

"தடயமா? வாடகைக்கே விடலாம் போலிருக்கு."

அத்தான் மண்டியிட்டுத் தடத்தை முகர்ந்து பார்த்தார். அத்தானுக்குத் தொழில் துப்பறிவது. மச்சினனுக்குத் தொழில் அத்தானோடு போவது. "கொஞ்ச நாளைக்கு என் தம்பியை உங்ககூட வச்சுக்கங்க" என்று மனைவி சொன்னபோது தலையாட்டிய மனுஷர், அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நினைத்துக்கொள்வார். இவன் ஓயாமல் அத்தான் அத்தான் என்று கூப்பிட்டதில், வழக்கு கொடுக்க வருகிறவர்களும் அவரை அப்படியே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

காட்டோரத்து விடுதியின் முதல் அறை அது. சினிமா டைரக்டர் தங்கியிருந்தார். தடங்கள் கதவருகே தொடங்கி, அலமாரிக்குப் போய், அங்கிருந்து ஜன்னல் வழியாகக் காட்டுக்குள் இறங்கியிருந்தன. அலமாரிப் பூட்டு உடைந்து தொங்கியது. கட்டில் காலில் பழுப்பு நிறத்தில் ஒரு கொத்து முடி சிக்கியிருந்தது.

"அந்தக் குரங்கு மனுஷன்தான்," என்றார் வாசலில் நின்ற தயாரிப்பாளர் அம்மா. மருந்துக் கடை நடத்துகிறவர், முதல் முறையாகப் படம் எடுக்கிறார். மாத்திரை அட்டையைக் கிழிக்கிற வேகத்தில் பேசினார். "படத்துக்குப் பேரு 'பெருங்காலன்'. காட்டுக்குச் சுற்றுலா வர்ற காலேஜ் பசங்களை ஒவ்வொருத்தரா கொல்ற ராட்சதக் குரங்கு மனுஷன் கதை. நேத்தோட ஷூட்டிங் முடிஞ்சுது. எடுக்க எடுக்க ஒட்டி வச்ச மொத்தப் படமும் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. சாயங்காலம் விநியோகஸ்தர் பார்க்க வர்றார். இப்ப டிஸ்க் இல்ல."

"இன்னொரு பிரதி எடுத்து வைக்கலையா?"

"வச்சோமே! ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்னு ரெண்டு டிஸ்க்."

"ரெண்டாவது எங்கே?"

"ரெண்டும் ஒரே பெட்டியிலதான் இருந்துச்சு. பத்திரமா இருக்கட்டுமேன்னு."

மச்சினன் வாயைத் திறந்தான். அத்தான் அவன் காலை மிதித்தார்.

நடந்தது இதுதான். மதியம் எல்லோரும் முற்றத்தில் சாப்பிட, அம்மா வாசலில் போனில் கடைக்கணக்கைக் கத்திக்கொண்டிருந்தபோது இந்த அறையிலிருந்து ஒரு உறுமல் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் அறை இந்தக் கோலத்தில் கிடந்தது. படத்தில் பெருங்காலனாக நடிப்பவர் சாப்பிட வரவில்லை. போஸ்டருக்குப் புகைப்படம் எடுக்க வேண்டியிருந்ததால் முழு உடையோடு தனியாக மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தாராம். பார்த்தவர்கள் யாருமில்லை.

"அந்த உறுமலைத்தான் நாங்க தினமும் கேட்டுட்டிருந்தோமே. அவன் தொண்டையேதான், சந்தேகமே இல்ல," என்றார் அம்மா. "நேத்து டைரக்டர்கிட்ட 'அந்த ஷாட் மேல கை வச்சா நான் மனுஷனா இருக்க மாட்டேன்'னு கத்தினானாம். மேக்கப் போடுற பொண்ணு கேட்டிருக்கா."

"ஏற்கெனவே அப்படித்தானேம்மா இருக்கார்," என்றான் மச்சினன்.

"விநியோகஸ்தர் வர்றதுக்குள்ள டிஸ்க் வரணும். இல்லைன்னா அவனை வண்டியில ஏத்தி போலீஸ் ஸ்டேஷன்ல விட்டுடுவேன். சொல்லிட்டேன்."

துணிமணி வைக்கும் கொட்டகையில் ஒரு இரும்புப் பெட்டி மேல் பெருங்காலன் உட்கார்ந்திருந்தார். கழுத்துக்குக் கீழே ஆளுயர முடி. கழுத்துக்கு மேலே, அழுது சிவந்த ஒரு சாதாரண மனிதர். கோரைப் பல்லோடு கூடிய தலை பக்கத்து ஸ்டூலில் இருந்தது. மச்சினன் முதலில் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டு, பிறகு சுதாரித்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினான்.

"சார், முதுகுல ஜிப் இருக்கு. கொஞ்சம் இறக்கி விடறீங்களா? காலையிலேர்ந்து இதுக்குள்ளதான் இருக்கேன். இப்ப யாரும் கிட்டவே வர மாட்டேங்கறாங்க."

மச்சினன் இழுத்தான். உள்ளேயிருந்து பனியன் நனைந்த ஒல்லியான உடம்பு வெளியே வந்தது. இந்த உடம்பா காலேஜ் பசங்களைத் தூக்கி எறிந்தது என்று அவனுக்குப் பாவமாகிவிட்டது.

"இந்தக் காலைப் போட்டுக்கிட்டு ஜன்னல் ஏற முடியுமா?" என்று அத்தான் கேட்டார்.

"படியே ஏற முடியாது சார். ரெண்டு பேர் கையைப் பிடிச்சு ஏத்தி விடணும். தடம் பதிக்கிறதுக்கு ஆர்ட் டிபார்ட்மென்ட்ல கைப்பிடி வச்ச மர அச்சு ரெண்டு இருக்கு. யார் வேணும்னாலும் எடுக்கலாம். நான் சொன்னா யாரு சார் கேக்கறா?"

"எந்த ஷாட் மேல கை வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"இருபது வருஷமா சினிமாவுல இருக்கேன் சார். கரடி, பேய், தீப்பிடிச்சு ஓடறவன், ஹீரோவுக்குப் பதிலா மாடியிலேர்ந்து விழறவன். என் சம்சாரம் தியேட்டர்ல 'இதுல நீங்க எது'ன்னு கேப்பா. 'இப்ப விழுந்தேனே அது'ம்பேன். அதுக்குள்ள அடுத்த சீன் வந்துடும். இந்தப் படத்துல மட்டும் கடைசியில, எரியற குடிசைக்குள்ள பெருங்காலன் சாகும்போது மனுஷ முகமா மாறிடுவான். அந்த முகம் என்னோடது. படத்தை ஒழுங்குபடுத்தும்போது அதை வெட்டிடலாம்னு டைரக்டர் பேச்செடுத்தார். கோவம் வந்துடுச்சு."

"டிஸ்க் கிடைக்கலைன்னா மறுபடி எடுக்கலாமே?"

"எதை வச்சு சார்? குடிசைதான் எரிஞ்சு போச்சே."

கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் மச்சினன் கிசுகிசுத்தான். "அத்தான், இவர் இல்ல. சொந்த முகத்தை யாராவது திருடுவாங்களா?"

"சரியாத்தான் சொல்ற," என்றார் அத்தான். மச்சினன் திகைத்துப் போய்ப் பக்கத்து மரத்தில் சாய்ந்தான். மரம் அவனோடு சேர்ந்து சாய்ந்தது. எழுந்து தட்டிப் பார்த்தால் தெர்மகோல்.

"இத்தனை மரம் இருக்கற காட்டுல இது எதுக்குய்யா?" என்று அந்தப் பக்கமாகப் போன ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆளிடம் கேட்டான்.

"நிஜ மரம் எதுவும் டைரக்டர் கேட்ட இடத்துல இல்ல சார்," என்றார் அவர், ரொம்ப இயல்பாக.

அடுத்து சமையலறை. சமையல்காரர் விடுதியைச் சேர்ந்தவர். சினிமாக்காரர்களோடு அவருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மூன்று முறை சாப்பாட்டை ஆற வைத்துவிட்டு மறுபடி சூடு பண்ணச் சொல்கிறார்கள் என்ற எரிச்சல்தான் இருந்தது.

"பாத்திரம் விளக்கிட்டிருந்தேன். முதல்ல டக்குனு ஒரு சத்தம். அப்புறம்தான் உறுமல்."

"டக்குனா எப்படி?"

"காஞ்ச குச்சி ஒடிஞ்ச மாதிரி. ஒரே ஒரு டக்."

"பூட்டு உடைஞ்ச சத்தம் அத்தான்," என்றான் மச்சினன்.

"பூட்டை உடைச்சுத் திருடிட்டு, அதுக்கப்புறம் எல்லாருக்கும் கேக்கற மாதிரி உறுமுவானா?"

"சந்தோஷத்துல உறுமியிருப்பான்."

அத்தான் அவனைப் பொருட்படுத்தாமல் சமையல்காரரிடம் திரும்பினார். "உறுமல் கேட்டதும் யார் முதல்ல ஓடினது?"

"டைரக்டர்தான். எட்டிப் பார்த்தேன், தட்டைத் தள்ளிட்டு எடுத்தார் பாருங்க ஓட்டம்! மத்தவங்கல்லாம் அவர் போனப்புறம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டுத்தான் எழுந்தாங்க."

"டைரக்டர்னா சும்மாவா," என்று மச்சினன் மெச்சிக்கொண்டான்.

முற்றத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த கேமராமேனைக் கேட்டார்கள். உறுமல் மட்டும்தான் கேட்டது என்றார். மேக்கப் பெண்ணும் அதையே சொன்னாள். கதாநாயகியும் அதையேதான் சொன்னாள், கூடவே தான் எப்படிப் பயந்தாள் என்று நடித்தும் காட்டினாள். டக் என்ற சத்தத்தை ஒருவரும் கேட்கவில்லை. அந்த அறைக்குப் பத்தடி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கேட்காதது, பின்கட்டில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பாத்திரம் விளக்கியவருக்குக் கேட்டிருக்கிறது.

"சமையல்காரர் கதை கட்டறார்," என்றான் மச்சினன்.

"கதை கட்டறவன் கரடியைப் பார்த்தேன்னு கட்டுவான், பூதத்தைப் பார்த்தேன்னு கட்டுவான். வெறும் டக்கை வச்சு யாராவது கதை கட்டுவாங்களா? அந்த டக்குதான் மாப்ள நமக்கு வேணும். வா."

காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்ததும், காதில் பெரிய ஹெட்ஃபோனோடு ஒருவர் இரண்டு கையையும் உயர்த்தி அவர்களை நிறுத்தினார். படத்தின் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். பின்னணிக்காகக் காட்டுச் சத்தத்தைப் பதிவு பண்ணிக்கொண்டிருந்தாராம். காலையிலேயே வந்தவர் சாப்பாட்டுக்கும் போகவில்லை.

"ஷ்ஷ்! உங்க பாக்கெட்ல சாவிக்கொத்து இருக்கு. கையில பிடிச்சுக்கங்க," என்றார் அத்தானிடம். மச்சினனைப் பார்த்து முகம் சுளித்தார். "தம்பி, உங்க வயிறு பேசுது."

"பசிக்குது சார்."

"தள்ளி நின்னு பசிங்க."

மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றான். ரெக்கார்டிஸ்ட் ஒரு பொத்தானை அமுக்கினார். பிறகு பக்கத்தில் கிடந்த கிளாப் போர்டை எடுத்து, மேல்கட்டையைக் கீழ்க்கட்டையோடு தட்டினார்.

டக்.

அத்தானின் புருவம் மேலே போய் அங்கேயே நின்றது.

"இது எதுக்கு? கேமராவே இல்லையே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பழக்கம்தான் சார். ஷூட்டிங்ல எந்த டேக் எடுத்தாலும் முதல்ல கிளாப். அந்தச் சத்தத்தை வச்சுத்தான் பின்னாடி படத்தையும் ஒலியையும் ஒட்ட வைக்கணும். நான் பதிவு பண்ற எல்லாத்துலயும் முதல்ல இது இருக்கும்."

"பெருங்காலன் உறுமலையும் நீங்கதான் பதிவு பண்ணீங்களா?"

"பின்னே? அவரை மைக் முன்னால நிறுத்தி, தொண்டை கட்டற வரைக்கும் உறும வச்சேன்."

மச்சினன் தாவி ரெக்கார்டிஸ்டின் சட்டையைப் பிடித்தான். "அத்தான், ஆள் சிக்கிட்டான்! மதியம் கேட்டது நிஜ உறுமல் இல்ல, ரெக்கார்டிங்! முதல்ல கிளாப், அப்புறம் உறுமல். ரெக்கார்டிங் இவர்கிட்ட. சாப்பிட வராதவரும் இவர்தான்!"

"சட்டையை விடுங்க. துணி கசங்கற சத்தம் விழுது," என்றார் ரெக்கார்டிஸ்ட்.

"கேட்டியா மாப்ள?" என்று அத்தான் சிரித்தார். "முக்கால்வாசி கண்டுபிடிச்சுட்ட. மீதியை இவரே சொல்லிட்டார். உன் வயித்துச் சத்தத்தையே தாங்க முடியாத மனுஷன், ஊரை ஏமாத்தப் போடற உறுமலுக்கு முன்னால அந்தக் கிளாப்பை விட்டு வைப்பாரா? வெட்டி எறிஞ்சிருப்பார். விட்டு வச்சவன் அந்தச் சத்தம் காதுலயே விழாதவன். சட்டையை விட்டுட்டு அந்தக் கிளாப் போர்டை எடுத்துக்க."

வெயில் சாய்ந்திருந்தது. முற்றத்தில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தயாரிப்பாளர் அம்மா நிமிஷத்துக்கு ஒரு தரம் வாசலைப் பார்த்தார். பெருங்காலன் ஒரு ஓரமாகப் பனியனோடு உட்கார்ந்திருந்தார், அவரைச் சுற்றி நாலு நாற்காலி காலியாக இருந்தது. டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தார்.

அத்தான் நடுவில் வந்து நின்று, "கொஞ்சம் விசாரிக்கணும்," என்று ஆரம்பித்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில், தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மச்சினன் கிளாப் போர்டை ஓங்கித் தட்டினான்.

டக்!

சமையல்காரர் துள்ளினார். அவர் கையிலிருந்த டீ தட்டு கீழே விழுந்து தம்ளர்கள் உருண்டன. தயாரிப்பாளர் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

மற்ற யாரும் துள்ளவில்லை. பேச்சு பாதியில் நின்றது. கேமராமேன் அசையாமல் நின்றார். மேக்கப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கதாநாயகியின் முகத்தில் எங்கிருந்தோ பயம் வந்து உட்கார்ந்தது. தலையைப் பிடித்துக்கொண்டிருந்த டைரக்டர், தலையைத் தூக்காமலேயே சொன்னார்.

"ஆக்‌ஷன்."

"இப்ப என்ன சத்தம் கேட்டுச்சு?" என்றார் அத்தான்.

டைரக்டர் நிமிர்ந்தார். "டீ தட்டு விழுந்துது."

"அதுக்கு முன்னால?"

"முன்னால... ஒண்ணும் இல்லையே?" அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே சுற்றுமுற்றும் பார்த்தார். கேமராமேனும் உதட்டைப் பிதுக்கினார்.

"அம்மா, பார்த்தீங்களா?" என்றார் அத்தான். "சமையல்காரரும் நீங்களும்தான் இங்கே சினிமாவுக்குப் புதுசு. மத்தவங்களுக்கு இந்தச் சத்தம் காதுக்குள்ள போறதே இல்ல. கேட்டதும் உடம்பு வேலையைப் பார்க்குது, மனசுல பதியறதில்ல. மதியமும் அப்படித்தான், நீங்க போன்ல இருந்தீங்க. தடமும் உடைஞ்ச பூட்டும் சாப்பாட்டுக்கு முன்னாலயே தயார். பதிவு பண்ணின உறுமலை யாரோ முற்றத்துலேர்ந்தே போன் வழியா அறையில வச்ச ஒரு சின்ன ஸ்பீக்கர்ல போட்டிருக்காங்க. அதுல இருந்த கிளாப்பை வெட்டணும்னு அவங்களுக்குத் தோணலை. வெட்டறதுக்கு அங்கே ஒரு சத்தம் இருக்குன்னே தெரியாதே!" அவர் திரும்பினார். "ரெக்கார்டிஸ்ட் சார், அந்தப் பதிவை யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கலை," என்று ஆரம்பித்த ரெக்கார்டிஸ்ட் பாதியில் நிறுத்தினார். "அன்னன்னிக்கு எடுக்கறது எல்லாத்தையும் டைரக்டர் போனுக்கு மட்டும் அனுப்புவேன்."

"உறுமல் கேட்டதும் எல்லாரும் மிரண்டு உட்கார்ந்திருக்கும்போது, மிருகம் இருக்கற அறைக்குள்ள முதல்ல ஓடினவரும் அவர்தான். உள்ளே மிருகம் இல்லைன்னு தெரிஞ்சவனுக்குத்தானே அந்தத் தைரியம் வரும்? ஸ்பீக்கரை யாரும் பார்க்கறதுக்குள்ள எடுத்தாகணும் வேற."

"திருடினதுதான் திருடினார், சொந்தப் படத்தையா?" என்று அம்மா அலறினார்.

டைரக்டர் தொப்பியை மறுபடி தலையில் வைத்தார், கழற்றினார், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கையிலேயே பிசைந்தார்.

"போன வாரம், எடுத்த வரைக்கும் என் பொண்ணுக்குப் போட்டுக் காட்டினேன்," என்றார். "ஆறு வயசு. பயந்து அழுவான்னு பார்த்தா விழுந்து விழுந்து சிரிக்கறா. 'அப்பா, இந்தப் பெரிய கால் மாமாவை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வா'ங்கறா. அப்புறம்தான் நானும் கவனிச்சேன். பெருங்காலன் ஒருத்தன் கழுத்தை நெரிக்கறார். இன்னொரு கையால தலை கல்லுல படாம தாங்கிப் பிடிச்சிருக்கார். கதாநாயகியைத் துரத்தறார். குறுக்கே வர்ற முள்கிளையை ஒதுக்கி விட்டுட்டு, அவ போனப்புறம் பின்னாடி போறார். கொலைகாரப் பெருங்காலன்! விநியோகஸ்தர் முன்னாடி இதை எப்படிம்மா காட்டுவேன்? படமே காணோம்னா பரிதாபமாவது படுவாங்க. ஏதோ நிஜ மிருகம்னு நம்புவாங்கன்னு பார்த்தேன், இவர் மேல பழி விழும்னு நான் நினைக்கவே இல்ல. விழுந்தப்புறம் வாயைத் திறக்கத் தைரியம் இல்ல."

பெருங்காலன் எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து மச்சினன் இரண்டடி முன்னால் வைத்தான்.

"கடைசி ஷாட்டையும் சேர்த்தா சார் ஒளிச்சு வச்சீங்க?" என்று மட்டும் கேட்டார் அவர். டைரக்டரால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

டிஸ்க் பெட்டியைத் தெர்மகோல் மரத்துக்குள்ளிருந்து டைரக்டரே எடுத்துக் கொடுத்தார். "நான் சாய்ஞ்சப்பவே சொல்லியிருந்தா வேலை மிச்சமாயிருக்குமே அத்தான்," என்று மச்சினன் மரத்தைக் குற்றம் சொன்னான். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. தப்பிக்க வழியில்லை. டைரக்டர் முன்வரிசையில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்க்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் அம்மா கொடுத்த தண்டனை.

விநியோகஸ்தர் சிரிப்பதற்குக் கூலி கேட்கிற முகம் கொண்டவர். விடுதிக் கூடத்தில் விளக்கை அணைத்துப் படத்தை ஓட விட்டார்கள். முதல் கொலையில் அவர் தோள் குலுங்கியது. இரண்டாவது கொலையில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். முள்கிளை வந்தபோது முழங்காலில் அடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தார், சமையல்காரரும் சிரித்தார். டைரக்டர் நாற்காலிக்குள் இறங்கிக்கொண்டே போனார். கடைசி வரிசையில் பெருங்காலன் தலையைக் குனிந்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். இந்த மனுஷனைப் போலீஸிடமிருந்து காப்பாற்றி இங்கே கொண்டு வந்து உட்கார வைத்ததற்கு, சும்மா விட்டிருக்கலாமோ என்றிருந்தது மச்சினனுக்கு.

திரையில் குடிசை எரிந்தது. கதாநாயகியை வெளியே தள்ளிவிட்டுப் பெருங்காலன் உள்ளே விழுந்தான். புகை விலகியபோது முடியெல்லாம் போய், அங்கே ஒரு மனித முகம் இருந்தது. வியர்வையும் கரியுமாக, யாரையோ தேடுகிற கண்களோடு. அது திரையை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. டைரக்டருக்கு அன்று கட் சொல்ல மனம் வரவில்லை போலிருக்கிறது. ஷாட் நீண்டுகொண்டே போனது. சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. கூடத்தில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். தயாரிப்பாளர் அம்மாதான்.

விளக்கைப் போட்டார்கள்.

"இதைப் பயங்கரப் படம்னு சொல்லி விட்டீங்கன்னா ஜனங்க உதைப்பாங்க," என்றார் விநியோகஸ்தர், கண்ணாடியைத் துடைத்தபடி. "பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்கன்னு போஸ்டர் அடிங்க. வயிறு வலிக்கச் சிரிச்சிட்டிருந்தேன், கடைசியில அழ வச்சுட்டான் பாவி. நான் எடுத்துக்கறேன்."

டைரக்டர் வாய் பிளந்து அவரையே பார்த்தார். அம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தார், அது பாராட்டா அடியா என்று சொல்ல முடியாது.

விநியோகஸ்தர் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார். கதாநாயகியைத் தாண்டினார், கேமராமேனைத் தாண்டினார். கடைசி வரிசைக்கு வந்ததும், வழிவிட்டு ஒதுங்கி நின்ற ஒல்லியான ஒரு பனியன்காரர் முன்னால் சட்டென்று நின்றார். இவர்தான் பெருங்காலன் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானே அது?"

பெருங்காலன் வாயைத் திறந்தார். இத்தனை நாள் காட்டையே அதிர வைத்த தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.